கூர்முனை வானம் பார்க்க

கடல் ஓரமாக உவர்நாடு என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. அங்கே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மக்களே வாக்களித்துத் தங்கள் மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். மக்களாட்சி வந்து நெடுங்காலம் ஆகியும் 'மன்னர்' என்ற சொல்லை மட்டும் யாரும் மாற்றவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. வாக்களித்தவர்களுக்கும் பழகிப்போயிருந்தது.

தலைநகரம் கடலிலிருந்து நான்கு நாள் பயணத் தூரத்தில் இருந்தது. ஆகவே அரசாங்கம் கடலைப் பெரும்பாலும் ஓவியங்களில்தான் பார்த்திருந்தது. நாட்டின் மறுகோடியில், கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலத்தின் ஓரம், கழிமுனை என்று ஒரு சிற்றூர். நாற்பத்தொரு வீடுகள். மீனும் நண்டும் பிடித்துப் பிழைப்பவர்கள்.

கழிமுனைக்கும் கடலுக்கும் நடுவே கண்டல் காடு நின்றது. சேற்றில் நாலாபுறமும் முட்டுவேர்களை ஊன்றி நிற்கும் மரம் கண்டல். புயலில் கடல் எழும்பி வந்தால் அந்த வேர்க் கூட்டத்துக்குள் சிக்கிச் சீற்றம் தணிந்து, ஊருக்குள் முழங்கால் அளவுத் தண்ணீராகத்தான் வந்து சேரும். முந்தைய மன்னர் ஒருவர், தாம் கட்டப்போகும் ஓய்வு மாளிகையிலிருந்து கடல் தெரியவேண்டும் என்று காட்டின் நடுவில் முந்நூறு அடி அகலத்துக்கு வெட்டச் சொன்னார். மாளிகை கட்டப்படவில்லை. மன்னரும் அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். வெட்டிய இடைவெளி மட்டும் அப்படியே நின்றது.

பிறகு வந்த புயலில் கடல் அந்த இடைவெளி வழியாக ஊருக்குள் நுழைந்தது. ஒன்பது பேரைக் கொண்டுபோனது. அதில் ஒருவர் சந்தனமாரியின் கணவர்.

சந்தனமாரி நண்டு பிடிப்பவர். அழுது முடித்த பிறகு அவர் ஒரு காரியத்தைத் தொடங்கினார். அடுத்த பெரும்புயல் வருவதற்குள் அந்த முந்நூறு அடியை அடைத்துவிட வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சூசைமுத்து என்ற படகுக்காரர் முதலில் சேர்ந்தார். பிறகு ஒன்பது பேர். ஊரார் இந்தப் பதினொரு பேரைச் சேற்றுக்கூட்டம் என்று கேலியாக அழைத்தார்கள். கேலி போய்ப் பெயர் நின்றது.

ஓதம் வற்றி, ஏறிய கடல்நீர் இறங்கியதும் சேற்றுக்கூட்டம் சேற்றில் இறங்கிவிடும். முதலில், மீன் முள்ளைப் போல நடுவில் ஒரு வாய்க்காலும் இரு பக்கமும் கிளை வாய்க்கால்களும் வெட்டுவார்கள். கடல்நீர் ஏறி இறங்க வழி கிடைத்தால்தான் கன்று பிழைக்கும். அதன் பிறகே நடவு. கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் நீளத்துக்குத் தொங்கும். அதன் கூரான முனை சேற்றுக்குள் போகவேண்டும், மொட்டு உள்ள முனை மேலே இருக்கவேண்டும். கழிமுனையில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்.

சேற்றுக்கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கன்று யார் நட்டது என்று கேட்கமாட்டார்கள். யார் நட்டது சாய்ந்திருந்தாலும், பார்த்தவர் குனிந்து நிமிர்த்திவிட்டுப் போவார். அதைச் சொல்லிக்காட்டுவதும் இல்லை. நல்ல வழக்கம்தான். இந்தக் கதையில் நடந்த எல்லாக் கேட்டுக்கும் அந்த நல்ல வழக்கமே வாசலாக அமைந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

மூன்று ஆண்டுகளில் இடைவெளியில் நூறு அடி பச்சையாகிவிட்டது. மீதி இருநூறு அடிக்குத் தண்ணீர் கொண்டுவர, குறுக்கே இருந்த அரசு நிலத்து மேட்டை வெட்டிக் கால்வாய் எடுக்கவேண்டும். அதற்கு மன்னரின் கையெழுத்து தேவை. மூன்று மனுக்கள் போட்டார்கள். மூன்றாவது மனு கரையோரப் பசுமைத் துறை அமைச்சர் மேதகையாரின் மேசைக்கு வந்தது. அவர் அதைப் படித்துத் திடுக்கிட்டார்.

"அரசுக்குத் தெரியாமல் நாட்டில் ஒரு நல்ல காரியம் மூன்று ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது," என்றார் அவையில். "இது நிர்வாகத்தின் மீது விழுந்த கறை. மன்னர் உடனே நேரில் சென்று இதைத் தொடங்கி வைக்கவேண்டும்."

"ஏற்கெனவே தொடங்கிவிட்டதாகச் சொன்னீர்களே," என்றார் மன்னர்.

"மன்னர் தொடங்கி வைக்காதது எப்படித் தொடங்கியதாகும்?"

அவை முழுவதும் தலையாட்டியது.

நல்ல நேரம் குறித்தார்கள். அந்த நேரத்தில் கடல் ஏறியிருக்கும் என்று கழிமுனையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஓதத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க எந்தத் துறைக்கு எழுதவேண்டும் என்று மேதகையார் இரண்டு நாள் விசாரித்தார். அப்படி ஒரு துறை இல்லை என்று தெரிந்ததும், அதை உருவாக்கக் குறிப்பு எழுதிவைத்துவிட்டு, நல்ல நேரத்தைத் தள்ளிவைத்தார்.

மன்னர் வந்தார். சேற்றின் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் கம்பளம் விரித்திருந்தார்கள். மன்னருக்குப் பின்னால் குடைபிடிப்பவன் வந்தான். அவன் பெயர் இப்போது வேண்டாம். பக்கத்துக் கடற்கரையில் பிறந்து அரண்மனை வேலைக்குப் போனவன். அவ்வளவு போதும்.

சந்தனமாரி விதையை எடுத்து நீட்டினார். மன்னர் அதை வாங்கி, நன்றாகத் திருப்பிப் பார்த்து, மொட்டு முனையைச் சேற்றில் செருகினார். கூர்முனை வானத்தைப் பார்த்து நின்றது. கொடிக்கம்பத்தின் நுனி கூர்மையாக இருப்பதைப் பார்த்து அவர் அப்படி முடிவு செய்திருக்கலாம்.

சந்தனமாரி வாயைத் திறந்தார். சூசைமுத்து அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"மாரி, பேசாத. கால்வாய் உத்தரவு அவரு பையில இருக்கு."

"தலைகீழா வச்சுட்டாருண்ணே."

"ஒண்ணுதானே? அவரு போகட்டும். நாம திருப்பிக்குவோம்."

அது நியாயமாகத்தான் பட்டது. ஒன்றுதானே. மன்னர் நிமிர்ந்து, "சரியாக நட்டேனா?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. மகிழ்ந்துபோன மன்னர் கால்வாய் உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். மன்னர் நட்ட விதைக்குப் பக்கத்தில் அவர் பெயர் பொறித்த பலகை ஒன்றை ஊன்றினார்கள். அந்தச் சதுப்பில் பெயரோடு நின்ற முதல் விதை அதுதான்.

மன்னர் பல்லக்கில் ஏறிய பிறகுதான் அவருடைய ஒரு செருப்பு சேற்றில் சிக்கிப் போனது தெரிந்தது. எடுத்துவரக் குடைபிடிப்பவனை அனுப்பினார்கள். அவன் திரும்பி வந்தபோது சந்தனமாரி முழங்கால் சேற்றில் நின்று, மன்னரின் விதையைப் பிடுங்கித் திருப்பி நட்டுக்கொண்டிருந்தார். குடைபிடிப்பவனைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"அண்ணே, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. பாவம், உசுரு உள்ள விதை. வீணாப் போகக்கூடாதுன்னுதான்."

"சொல்ல மாட்டேன் தங்கச்சி," என்றான் அவன். சொன்னதோடு நிற்காமல், விதையைச் சுற்றிச் சேற்றைக் குதிகாலால் இரண்டு முறை அழுத்தியும் கொடுத்தான். அவனுக்கும் அந்த நடவு தெரியும். செருப்பை எடுத்துக்கொண்டு போனான். அவன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அந்த இரண்டு மிதிதான் என்று சொல்லலாம்.

இரண்டு மாதத்தில் மன்னரின் விதை இரண்டு இலை விட்டது. அரசு அனுப்பிய பார்வையாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அரசிதழில் செய்தி வந்தது. 'கூர்முனை வானம் பார்க்க மன்னர் நட்ட விதை செழித்து வளர்கிறது. காலங்காலமாகக் கரையோர மக்கள் தலைகீழாக நட்டு வந்துள்ளனர். மன்னரின் கண்டுபிடிப்பு நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்படும்.'

அதைத் தொடர்ந்து ஆணை வந்தது. உவர்நாட்டில் இனி எந்தக் கண்டல் விதையும் மன்னர் முறையிலேயே நடப்படவேண்டும். 'ஒரே நாடு, ஒரே முனை' என்று சுவர்களில் எழுதினார்கள். மேதகையார் அத்தோடு விடவில்லை. பழைய முறையில் வளர்ந்து நிற்கும் கன்றுகள் புதிய முறைக்கு இழுக்கு அல்லவா? சேற்றுக்கூட்டம் மூன்று ஆண்டு பாடுபட்டு வளர்த்த நூறு அடிக் கன்றுகளையும் பிடுங்கிப்போட ஆள்களை அனுப்பினார்.

சூசைமுத்து மேதகையாரின் காலில் விழுந்தார். "ஐயா, தெரியாத்தனமா சொல்லலீங்க, பரம்பரையா பார்த்த வேலைங்க. கூரு முனை கீழ போனாத்தான் பிழைக்கும்."

"மன்னருடைய மரம் பிழைத்திருக்கிறதே?"

உண்மையைச் சொன்னால் சந்தனமாரிக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் நூறு அடிக் காடு போகும். சூசைமுத்து சந்தனமாரியைப் பார்த்தார். சந்தனமாரி பேச எழுந்தார். ஊர்ப் பெண்கள் அவர் சேலையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இடைவெளி மறுபடி முந்நூறு அடியானது. மன்னரின் பலகைக்குப் பக்கத்தில் இருந்த கன்று மட்டும் தப்பித்தது.

சேற்றுக்கூட்டம் என்ற அமைப்பும் கலைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக அரச தன்னார்வப் படை வந்தது. குடிமக்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒரு நாள் தாமாக முன்வரவேண்டும் என்றும், முன்வராதவர்கள் பிடித்து வரப்படுவார்கள் என்றும் ஆணை சொன்னது. எங்கெங்கிருந்தோ வண்டிகளில் மக்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் நேர் வரிசையில் நின்று, பாட்டுப் பாடி, ஆயிரக்கணக்கான விதைகளைத் தலைகீழாகச் செருகிவிட்டுப் போனார்கள். தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கழிமுனை மக்கள் மூன்று முறை மனுப் போட்டுக் கேட்ட கால்வாயில் தண்ணீர் நன்றாக வந்தது. நாளுக்கு இரண்டு முறை வந்து, அழுகிய விதைகளை நனைத்துவிட்டுப் போனது.

விதைகள் அழுகுவதாக ஓர் அதிகாரி அறிக்கை எழுதினார். அவரை மலைநாட்டுக்கு மாற்றினார்கள். அரசு ஆவணங்களில் 'அழுகல்' என்ற சொல் தடைசெய்யப்பட்டது. 'ஓய்வு நிலை' என்று குறிக்கச் சொன்னார்கள். இரண்டு ஆண்டு முடிவில், உவர்நாட்டுக் கரை முழுவதும் நாலு இலட்சம் விதைகள் ஓய்வு நிலையில் இருப்பதாக அரசு பெருமையோடு அறிவித்தது.

"மன்னர் நட்டது மட்டும் எப்படி வளர்கிறது?" என்று அவையில் ஒருவர் கேட்டே விட்டார்.

"பக்தி," என்றார் மேதகையார். "மற்றவர்களுக்கு அது போதவில்லை."

அந்த மரம் அதற்குள் சந்தனமாரியின் மார்பளவு வளர்ந்து, நாலு முட்டுவேர்களும் ஊன்றிவிட்டது. இருநூறு கல் தொலைவிலிருந்து மக்கள் அதைப் பார்க்க வந்தார்கள். சந்தனமாரி தினமும் நண்டுக்குப் போகும்போது அதைக் கடந்து போவார். பார்க்கமாட்டார். அந்த ஆண்டு மழைக்காலம் நெருங்கியபோது கடல் வழக்கத்துக்கு மாறாக இரண்டு முறை தெருவுக்குள் வந்து போனது. அதற்கு மூன்றாம் நாள் அவர் சூசைமுத்துவிடம் சொன்னார்.

"அண்ணே, நான் தலைநகருக்குப் போறேன். நாந்தான் திருப்பி நட்டேன்னு சொல்லப்போறேன்."

"உன்ன உள்ள வச்சிருவாங்க மாரி."

"வைக்கட்டும். இப்ப சரியா நட்டாக்கூட மூணு வருசம் ஆகும் நிமிர. இனியும் வாய மூடிக்கிட்டிருந்தா ஒரு வீடும் மிஞ்சாது."

நான்கு நாள் நடந்து போனார். அவையில் மன்னர் முன்னிலையில் விசாரணை நடந்தது. மேதகையார் கேட்டார்.

"அம்மா, நீ சொல்வது உண்மையானால், மன்னர் தவறாக நட்டார் என்று ஆகிறது. புரிகிறதா?"

"தெரியாம நட்டுட்டாருங்க. எங்க ஊருக்குப் புதுசா வர்ற மருமகளுங்களும் முதல்ல அப்படித்தான் நடுவாங்க. நாங்க சிரிச்சுட்டுத் திருப்பி வைப்போம். அதுல என்னங்க இருக்கு?"

மன்னர் சிரிக்கப்போனார். அப்படிச் சிரித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மேதகையாரின் முகத்தைப் பார்த்து அவரும் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"மன்னர் நட்டபடியே முளைத்தது என்று அரசிதழில் வந்துவிட்டது," என்றார் மேதகையார். "நீ திருப்பியதற்குச் சாட்சி உண்டா?"

"இருக்குங்க." சந்தனமாரி கையை நீட்டினார். "அதோ, குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அந்த அண்ணன். அவரு பார்த்தாரு. சேத்த மிதிச்சுக்கூடக் கொடுத்தாரு."

அவை முழுவதும் குடைபிடிப்பவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் இருபது ஆண்டாக அந்த இடத்தில் நின்றவன். ஒருவரும் அதுவரை அவனைப் பார்த்ததே இல்லை.

"அண்ணே, அன்னைக்குச் சொல்லாதீங்கன்னேன். இப்பச் சொல்லுங்க. நாப்பத்தொரு வீடுண்ணே."

ஒரு சொல் போதும். 'ஆம்.' மன்னரே அதை எதிர்பார்த்ததுபோல அவனைப் பார்த்ததாகப் பிறகு அவனுக்குத் தோன்றியதுண்டு.

"நான் செருப்பை மட்டும்தான் பார்த்தேன்," என்றான்.

மேதகையார் அவனுடைய கடமை உணர்ச்சியை மெச்சினார். அவனுக்குப் பட்டுக்கரை போட்ட புதிய குடை ஒன்று வழங்கப்பட்டது.

தீர்ப்பு மென்மையானது என்று எல்லோரும் சொன்னார்கள். சந்தனமாரியைச் சிறையில் போடவில்லை. 'இப்பெண் மன்னரின் நடவைத் திருத்தியதாகத் தானே ஒப்புக்கொள்கிறாள். அது பொய்யானால் மன்னர் மீது அவதூறு. மெய்யானால் மன்னரின் மரத்துக்குச் செய்த சேதம். எதுவாயினும், மன்னரின் மரத்தை மன்னர் நட்ட நிலைக்கே அவள் தன் கையால் திரும்பக் கொண்டுவரவேண்டும்.'

ஐப்பசி மாதம் ஒரு பகலில் அது நடந்தது. மேளம் வந்தது. மன்னரும் வந்தார். சந்தனமாரி சேற்றில் இறங்கி, முட்டுவேர்களைச் சுற்றி ஒவ்வொன்றாகத் தோண்டினார். மண்வெட்டி கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை, கையாலேயே தோண்டினார். வேர் அறுபடாமல் எடுத்தார். எடுத்து என்ன பயன் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அறுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. பிறகு மரத்தைத் திருப்பி, இலைகளைச் சேற்றில் அமுக்கி, வேர்கள் வானத்தைப் பார்க்க நிறுத்தினார். மேளம் முழங்கியது. கரையேறும்போது குடைபிடிப்பவனுக்கு முன்னால் ஒரு கணம் நின்றார்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்கண்ணே," என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. முந்நூறு அடி இடைவெளியில் கடல் நுழைந்தது. நாற்பத்தொரு வீடுகளில் ஆறு நின்றன. விடியற்காலையிலேயே சந்தனமாரி வீடுவீடாகப் போய் மக்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டதால், இறந்தவர்கள் நான்கு பேர்தான் என்று சூசைமுத்து சொன்னார். நடக்க முடியாத ஒரு கிழவரைத் தூக்கிவரத் திரும்பிப் போன சந்தனமாரி நான்காமவர்.

தை மாதம் தேர்தல் நெருங்கியது. மன்னர் ஆறுதல் சொல்லக் கழிமுனைக்கு வந்தார். இடிந்த வீடுகளுக்கு நடுவே சந்தனமாரிக்குச் சிலை வைத்திருந்தார்கள். கையில் ஒரு கண்டல் விதை, அதன் கூர்முனை வானம் பார்க்க. மன்னர் கண்ணீர் விட்டார். அது பொய்க்கண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன். தியாகப் பெண்மணி என்றார். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்றார். எதிரணித் தலைவரும் வந்திருந்தார். இத்தனை உயிர்ப்பலிக்குக் காரணம் மன்னரின் பிடிவாதமே என்றும், தாம் ஆட்சிக்கு வந்தால் கண்டல் விதைகளைப் படுக்கவைத்து நடப்போவதாகவும் அவர் வாக்குறுதி தந்தார். கூட்டத்தில் பாதி அவருக்கும் கைதட்டியது.

பிறகு பலகை போட்டு, கம்பளம் விரித்தார்கள். மன்னர் சேற்றுக்கு அருகே போனார். சூசைமுத்து விதையை எடுத்து நீட்டினார். மன்னர் அதை வாங்கி, மொட்டு முனையைச் சேற்றில் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"சரியாக நட்டேனா?"

அமைச்சர்கள் கைதட்டினார்கள். அரச தன்னார்வப் படை கைதட்டியது. கழிமுனையில் மிஞ்சியவர்களும், வீடு கட்டித் தரும் உத்தரவு மன்னரின் பையில் இருந்ததால், கைதட்டினார்கள். சூசைமுத்துவும் தட்டினார். மன்னர் போன பிறகு அந்த விதையைத் திருப்பி நட அந்த ஊரில் ஒருவரும் சேற்றில் இறங்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் கைதட்டாதவன் குடைபிடிப்பவன் ஒருவன்தான். துணிச்சலால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புதிய குடை கனமாக இருந்தது. அதை நான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.